எல்லை தாண்டினால் உரிமையும் உடன் வருமா? ஐரோப்பியக் குறுகியகாலப் படிப்பும் செம்பூர் எழுப்பும் கேள்வியும்

மும்பை: ஐரோப்பிய ஒருங்கிணைப்பு, ஐரோப்பிய அரசியல், மனித உரிமைகள் ஆகிய மூன்றையும் சில வாரங்களில் கற்பிக்கும் கோடைக்காலப் படிப்புகள் இந்திய மாணவர்களிடையே கவனம் பெற்றுவருகின்றன. செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1954 முதல் இயங்கிவரும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் வளாகம், அதைச் சுற்றியுள்ள கல்லூரிகள், மாட்டுங்காவின் தென்னிந்தியக் கல்விச் சங்க நிறுவனங்கள் எனச் சமூக அறிவியல் மாணவர்கள் திரளும் இப்பகுதியில் அத்தகைய படிப்பின் பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கும் தமிழ் மாணவர் ஒருவருக்கு, அதன் முதல் அத்தியாயமே தம் குடும்பக் கதையைத் தொடுவதாக அமையும். ஒரு மனிதர் எல்லை தாண்டிச் செல்லும்போது அவருடைய உரிமைகளும் அவருடன் செல்லுமா என்பதே அந்த அத்தியாயத்தின் கேள்வி.

ஐரோப்பா அக்கேள்விக்கு ஒரு விடை சொன்னது. இந்தியா வேறொரு விடை சொன்னது. இந்திய விடையைத் தீர்மானித்த முக்கிய வழக்கு, செம்பூரில் ஆலை நடத்தும் ஒரு பொதுத்துறை நிறுவன ஊழியரின் குடும்பத்திலிருந்து எழுந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

வகுப்பறையில் என்ன கற்பிக்கப்படுகிறது?

இப்படிப்புகள் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் நடைபெறுகின்றன. நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரெனே காசன் 1969இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நிறுவிய சர்வதேச மனித உரிமைகள் கழகத்தின் கோடை அமர்வு இவற்றுள் மூத்தது. பிரஸ்ஸல்ஸ், வெனிஸ், வியன்னா போன்ற நகரங்களின் பல்கலைக்கழகங்களும் இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. 1950 மே 9இல் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் வெளியிட்ட அறிவிப்பு, ஆறு நாடுகள் இணைந்து 1951இல் கண்ட நிலக்கரி, எஃகு சமூகம், 1957இன் ரோம் ஒப்பந்தம், 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வழங்கிய ஐரோப்பியக் குடியுரிமை என வரலாறு வரிசையாகச் சொல்லப்படும்.

புதிதாகப் படிப்போர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் வேறு; ஐரோப்பிய மன்றம் வேறு. ஒன்றியத்தில் பிரிட்டன் விலகிய பின் 27 நாடுகள் உள்ளன. அதன் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது. 1949இல் தோன்றிய ஐரோப்பிய மன்றத்தில், 2022இல் ரஷ்யா வெளியேற்றப்பட்ட பின் 46 நாடுகள் உள்ளன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அதன் அமைப்பே. அது ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ளது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியபோதிலும் மன்றத்தில் நீடிக்கிறது.

இந்த வேறுபாடு தமிழ் மாணவர்களுக்கு வெறும் தேர்வுக் குறிப்பு அன்று. இலங்கைத் தமிழர் ஐவரைப் பிரிட்டன் திருப்பி அனுப்பியது தொடர்பான வழக்கில், சித்திரவதைக்கு எதிரான 3ஆவது பிரிவு மீறப்படவில்லை என 1991இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2008 ஜூலையில், மற்றொரு தமிழரைக் கொழும்புக்கு அனுப்பினால் அதே பிரிவு மீறப்படும் என்றது. எல்லாத் தமிழருக்கும் பொதுவான விதியாக அல்லாமல், அந்த மனிதரின் தனிப்பட்ட சூழ்நிலைகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டு அம்முடிவுக்கு வந்தது. லக்சம்பர்க் நீதிமன்றமோ 2017 ஜூலையில், விடுதலைப் புலிகள் அமைப்பைத் தடைப் பட்டியலில் நீட்டித்த சில பழைய முடிவுகள் செல்லாது என்பதை உறுதிசெய்தது. தடையின் நியாயத்தைப் பற்றிய தீர்ப்பாக அன்றி, முடிவெடுத்த முறையைப் பற்றிய தீர்ப்பாகவே அது அமைந்தது. பத்திரிகைச் செய்திகளையும் இணையத் தகவல்களையும் மட்டும் நம்பி ஓர் அமைப்பைப் பட்டியலில் வைத்திருக்க முடியாது என்பதே அதன் சாரம். தீர்ப்பு வந்த அன்று தமிழ் ஊடகங்கள் சிலவற்றில் 'தடை நீக்கம்' என்று தலைப்பிடப்பட்டது, இரண்டு விஷயங்களும் எவ்வளவு எளிதில் குழம்பிவிடும் என்பதைக் காட்டியது.

சித்திரக்கதை மாணவியும் மருத்துவ மாணவரும்

ஒருங்கிணைப்பு குறித்த வகுப்புகளில் தவறாமல் இடம்பெறும் வழக்கு ஒன்று உண்டு. பிரான்சைச் சேர்ந்த மாணவி ஒருவர் பெல்ஜியத்தின் லீஜ் நகரிலுள்ள அரச நுண்கலைக் கழகத்தில் சித்திரக்கதை வரையும் கலையைப் பயிலச் சென்றார். பெல்ஜிய மாணவர்களுக்கு இல்லாத பதிவுக் கட்டணம் ஒன்று, வெளிநாட்டவர் என்பதால் அவரிடம் கேட்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். தொழிற்பயிற்சிக்காக வரும் சமூக நாட்டவரிடம், உள்நாட்டவரிடம் வாங்காத கட்டணத்தை வாங்குவது தேசிய அடிப்படையிலான பாகுபாடு என்று 1985 பிப்ரவரி 13இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இரண்டே ஆண்டுகளில், 1987இல், மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் தொடங்கியது. ஒரு கட்டணச் சீட்டைப் பற்றிய சிறிய தகராறுதான். ஆனால் அதன் வழியே ஐரோப்பிய மாணவர்களுக்கு எல்லை தாண்டிக் கற்கும் உரிமை கிடைத்தது.

அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1990 மே மாதம், இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த மாணவர் ஆந்திரத்தில் பிறந்தவர். அங்குப் பழங்குடியாகப் பட்டியலிடப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டில் மத்திய அரசின் உர நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, பின்னர் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். செம்பூர்வாசிகள் 'ஆர்.சி.எஃப்.' என்று அழைக்கும் அதே நிறுவனம். ஒன்பது வயதில் மும்பைக்கு வந்த மகன் இங்கேயே படித்து வளர்ந்தார். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் கேட்டபோது, அவருடைய சமூகம் மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை என மறுக்கப்பட்டது.

நீதிமன்றம் அந்த மறுப்பைச் சரியென்றது. அரசியல் சாசனத்தின் 341, 342ஆவது பிரிவுகள் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் 'அந்த மாநிலத்தைப் பொறுத்து' என்றே வரையறுக்கின்றன. ஆகவே மாநிலம் மாறினால் அத்தகுதி உடன்வராது என்றது. தந்தைக்கு மும்பையில் வேலை தந்த அதே தகுதி, மகனுக்கு மும்பையில் கல்லூரி இடம் தரவில்லை. இவ்வாறு விடுபட்டுப் போவோருக்குச் சட்டம் இயற்றுவது குறித்து நாடாளுமன்றம் சிந்திக்கலாம் என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. 2018 ஆகஸ்ட் 30இல் வேறொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு, டெல்லி குடிநீர் வாரிய வழக்கில் இதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது. மத்தியப் பணிகளில் நாடு முழுவதற்குமான ஒதுக்கீடு தொடரும்; மாநிலப் பணிகளிலும் கல்வியிலும் புலம்பெயர்ந்தோருக்கு அது கிடையாது.

1950 ஆகஸ்ட் 10

மும்பைத் தமிழரிடம் இது நூல்களில் மட்டும் உள்ள சட்ட விவாதமாக இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்தும் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்து தங்கிய குடும்பங்கள், செம்பூர், டிராம்பே பகுதிகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உர ஆலைக்கும் அணு ஆராய்ச்சி மையத்துக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் ஆகியவற்றில் இன்று மூன்றாம், நான்காம் தலைமுறை கல்லூரிக்குச் செல்கிறது. சேடா நகர் முருகன் கோவிலுக்கு வரும் இளைஞர்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் ஒரு வீடுகூட இல்லை. ஆனால் பட்டியல் சாதிச் சான்றிதழ் என்று வரும்போது, மகாராஷ்டிர அரசு கேட்பது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கு வசித்ததற்கான ஆதாரத்தை. பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் அது. அந்நாளில் மகாராஷ்டிரம் என்ற மாநிலமே இல்லை. அது உருவானது 1960 மே 1இல்.

ஆதாரம் இல்லாதோர், தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு புலம்பெயர்ந்தோருக்கான சான்றிதழைப் பெறலாம். மத்திய அரசின் சலுகைகளுக்கு அது உதவும். மகாராஷ்டிர அரசின் சலுகைகளுக்கு உதவாது. தமிழ்நாட்டுக்குத் திரும்பி அங்குள்ள திட்டங்களை நாடினாலோ, அங்கு வசிக்காதவர் என்ற கேள்வி எழும்.

ஷூமானின் அறிவிப்புக்கும் இந்த ஆணைக்கும் இடையே மூன்று மாதங்களே இடைவெளி என்பது தற்செயல்தான். ஆயினும் ஐரோப்பாவில் அந்த அறிவிப்பில் தொடங்கிய பாதை மனிதர்களைப் பிறந்த இடத்திலிருந்து விடுவிக்கும் திசையில் சென்றது; இந்தியாவில் ஒரு சமூகநீதி ஏற்பாடு, மனிதர்களைத் தாத்தா வாழ்ந்த இடத்தோடு கட்டிவைக்கும் விளைவைத் தந்தது. அரசியல் சாசன வரைவை 1948 நவம்பர் 4இல் அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இரண்டு அடுக்கு ஆட்சி இருந்தாலும் ஒரே குடியுரிமைதான் என்பதை அதன் சிறப்பாக எடுத்துக்காட்டினார். உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமை தரும் அமெரிக்க மாநிலங்களோடு ஒப்பிட்டே அதை விளக்கினார். 2025 ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றமும், முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீட்டை ரத்துசெய்தபோது, இந்தியருக்கு மாநில வாரியான வசிப்புரிமை என்று ஒன்றில்லை, இந்தியா முழுவதற்கும் ஒன்றே என்றது. அதே நாட்டில் பட்டியல் சாதி மாணவரின் தகுதி மட்டும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது.

மறுபக்கத்தின் நியாயம்

1990 தீர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு சமூகம் ஒரு மாநிலத்தில் அனுபவித்த ஒடுக்குமுறை மற்றொரு மாநிலத்தில் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பெயர் கொண்ட சாதி ஓரிடத்தில் பட்டியலிலும் பிறிதோரிடத்தில் அதற்கு வெளியேயும் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்குக் கதவைத் திறந்தால், மகாராஷ்டிரத்தின் மகர், மாங் சமூகங்களுக்கான இடங்களே குறையும் என்ற அச்சம் இங்குள்ள தலித் இயக்கங்களுக்கு உண்டு. அது வெற்று அச்சம் அன்று. தென்னிந்தியர் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற முழக்கத்துடன் 1966இல் சிவசேனா எழுந்த நகரம் இது என்பதையும் மறக்க இயலாது. எனினும் அந்த அச்சத்துக்கு, புலம்பெயர்ந்தோருக்குத் தனியாகக் கூடுதல் இடங்களை ஒதுக்குதல், குறிப்பிட்ட ஆண்டுகள் பள்ளிப்படிப்பை இங்கு முடித்தவர்களுக்கு மட்டும் வாய்ப்பளித்தல் எனத் தீர்வுகள் இல்லாமலில்லை. அவற்றைச் சட்டமாக்கும் முயற்சிதான் நடைபெறவில்லை.

ஐரோப்பாவும் இவ்விஷயத்தில் வரம்பின்றித் தாராளம் காட்டவில்லை. 2004ஆம் ஆண்டின் சுதந்திர நடமாட்ட ஆணையின்படி, வேறு உறுப்பு நாட்டுக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்கு உள்நாட்டவருக்கு இணையான கட்டணம் உண்டு. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையை, ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்து நிரந்தர உரிமை பெறும்வரை அந்நாடு மறுக்கலாம். உரிமைகளில் சில உடனே வரும். சில காத்திருந்தால் வரும். ஆனால் எதுவும் தாத்தாவின் வசிப்பிடத்தைக் கேட்காது. இந்த நடுவழிதான் இந்தியச் சட்டம் இயற்றுவோர் கவனிக்கத்தக்க பாடம். 2010இல் பிரான்ஸ் ரோமா மக்களைக் கூட்டங்கூட்டமாக ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் திருப்பி அனுப்பியதும், 2016இல் பிரிட்டன் விலக வாக்களித்ததற்குச் சுதந்திர நடமாட்டமே பெரும் காரணங்களில் ஒன்றாக இருந்ததும் அதே பாடத்தின் இருண்ட பக்கங்கள்.

இந்தியாவிலும் ஒரு முன்மாதிரி உண்டு. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களும் இணைந்துவிட்டன. தென்காசியில் பதிவான அட்டையைக் கொண்டு தாராவியில் அரிசி வாங்க முடியும் என்ற நிலை, தொழில்நுட்ப ரீதியாகவும் அரசியல் ரீதியாகவும் சாத்தியம் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது.

யார் செல்ல முடிகிறது?

இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க மிகத் தகுதியானவர், இந்த விதிகளுக்குள் வாழ்ந்த மாணவரே. அவர் ஸ்ட்ராஸ்பர்க் செல்வது எளிதா என்பது அடுத்த கேள்வி.

முதல் தடை விசா. 90 நாட்களுக்கு உட்பட்ட படிப்புக்கு ஷெங்கன் குறுகியகால விசா போதும். அதன் கட்டணம் 2024 ஜூன் முதல் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், திரும்பிவருவார் என்பதற்கான ஆதாரம் ஆகியவை தேவை. 2024இல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ ஏழில் ஒன்று மறுக்கப்பட்டது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாத தாராவிச் சிறுதொழில் குடும்பத்து மாணவருக்கு வங்கிக் கணக்கு விவரமே பெரும் சுவராகிறது.

விசா கிடைத்துவிட்டால் காட்சி மாறும். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு 2017 முதல் டிராம் ஓடுகிறது. உள்ளூர்வாசிகள் அதில் ஏறி வேற்று நாட்டுக் கடைக்குச் சென்று வருகிறார்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்த பிறகு, அந்தப் பயணத்திலும் அடையாள ஆவணம் கையில் இருப்பது நல்லது என்ற நிலை ஏற்பட்டுள்ளது. சுதந்திர நடமாட்டம் குறித்த விரிவுரையைவிட இந்த டிராம் பயணம் மாணவர்களுக்கு அதிகம் கற்பிக்கக்கூடும்.

இரண்டாவது தடை பணம். லீஜ் மாணவிக்குக் கிடைத்த நீதி ஒன்றிய நாட்டவருக்கு மட்டுமே உரியது. ஸ்வீடன் 2011 முதலும் பின்லாந்து 2017 முதலும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கல்விக் கட்டணம் வசூலிக்கின்றன. பாகுபாடின்மை குறித்த வகுப்பில், அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருப்பது அங்கு வியப்புக்குரியதன்று.

உதவித்தொகைகள் உள்ளன; ஆனால் அவை பட்டப்படிப்புகளை நோக்கியே அமைந்துள்ளன. எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கும். மகாராஷ்டிர அரசின் ராஜர்ஷி ஷாகு மகராஜ் அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 75 பட்டியல் சாதி மாணவர்களுக்கு உரியது. அதுவும் முதுகலை, முனைவர் பட்டங்களுக்கே. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். மூன்று வாரப் படிப்புக்கு இவை எதுவும் பொருந்தா. எராஸ்மஸ் திட்டத்தின் குறுகியகாலப் பரிமாற்றத்துக்கு இரு நிறுவனங்களுக்கிடையே முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அத்தகைய ஒப்பந்தங்கள் சாத்தியம். சர்வதேசத் தொடர்புகளுக்கென ஓர் அலுவலரைக்கூட நியமிக்க இயலாத சாதாரணக் கல்லூரிக்கு அரிது. எனவே குறுகியகாலப் படிப்பு என்பது நடைமுறையில், சொந்தப் பணத்தில் செல்லக்கூடியவர்களின் கோடைப் பயணமாகச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு மூன்று நகரங்களைச் சுற்றிக்காட்டிச் சான்றிதழ் வழங்கும் படிப்புகளும் சந்தையில் இருப்பதால், அந்தப் பணமும் வீணாகாது என்று சொல்வதற்கில்லை.

ஷாகு மகராஜின் பெயரால் வழங்கப்படும் உதவித்தொகையைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. அம்பேத்கர் மாவ் நகரில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். 1913இல் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது பரோடா சமஸ்தானம். 1920இல் லண்டனுக்குத் திரும்ப உதவியவர்களில் கோல்ஹாப்பூர் மன்னரும் ஒருவர். இன்றைய விதிகளின்படி அப்படி ஒரு மாணவர் எந்த அலுவலகத்தில் எந்த மாநிலச் சான்றிதழைக் காட்டியிருக்க வேண்டும் என்பது எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று.

தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் மற்றொரு முடிச்சைப் போட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என அவை கூறின. இந்தியாவைப் பற்றி இந்தியாவிலேயே படிக்கலாம், மிச்சமாகும் இடங்களைப் பிற துறைகளுக்குத் தரலாம் என்பது அமைச்சகத் தரப்பின் விளக்கம். மாணவர் அமைப்புகளும் கல்வியாளர்களும் அதை எதிர்த்தனர். இதன் விளைவைச் செம்பூரில் நின்று பார்த்தால் தெளிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்டச் சட்டத்தை மட்டும் ஆராய ஒரு தலித் மாணவர் உதவி கோரலாம். அச்சட்டத்தையும் மும்பைத் தமிழரின் சாதிச் சான்றிதழ்ச் சிக்கலையும் ஒப்பிட்டு ஆராய விரும்பினால், அவருடைய விண்ணப்பம் விலக்கப்பட்ட தலைப்புக்குள் விழக்கூடும்.

புலம்பெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கென நாடாளுமன்றம் இதுவரை தனிச்சட்டம் எதுவும் இயற்றவில்லை. 1990இல் வழக்குத் தொடுத்தவரின் தலைமுறையினருக்கு இப்போது கல்லூரி செல்லும் வயதில் பிள்ளைகள் இருப்பர்.